பழக் காலமும் நம் வீட்டு நலமும்



பாரிட் புந்தார் வட்டாரத்துத் தோட்டங்களில் வாழும் குடும்பங்களுக்கும், தோட்டத்து லயங்களை விட்டு வந்து தாமான் வீடுகளில் குடியேறிவிட்ட குடும்பங்களுக்கும் இன்று பழங்களைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். பழத்தைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது, கிடைத்தால் சாப்பிட வேண்டியதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். எந்தப் பழத்தை, எப்பொழுது, எவ்வளவு, எப்படிச் சாப்பிடுகிறோம் என்பதில் நம் குடும்பத்தின் நலமும் அடங்கியிருக்கிறது, நம் பணப்பையின் நலமும் அடங்கியிருக்கிறது. ஆகவே சிறிது நேரம் செவி கொடுத்துக் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் சித்திரை, வைகாசி மாதங்களைக் கோடைக் காலம் என்பார்கள். மாம்பழம், பலாப்பழம், நுங்கு, தர்பூசணி எல்லாம் அங்கே அப்பொழுது சந்தைக்கு வரும். நம் நாட்டில் அப்படி ஒரு கோடை கிடையாது. வெயிலும் மழையும் ஆண்டு முழுவதும் மாறி மாறி வருகின்றன. ஆனாலும் நமக்கென்று ஒரு பழக் காலம் இருக்கிறது. ஏறக்குறைய ஜூன் மாதம் தொடங்கி ஆகஸ்டு வரையில் டுரியான், ரம்புத்தான், மங்குஸ்தான், டுக்கு, லங்சாட், செம்படாக் ஆகியவை குவிகின்றன. நவம்பரிலிருந்து ஜனவரி வரையில் இதைவிடச் சிறியதாக இன்னொரு பழக் காலமும் வருவதுண்டு.

ஏன் இப்படிக் குறிப்பிட்ட மாதங்களில் மட்டும் பழுக்கின்றன? ஆண்டின் தொடக்கத்தில் வடமாநிலங்களில் சில வாரங்கள் மழை குறைந்து வெயில் காய்கிறது அல்லவா? அந்த வறட்சிதான் மரத்தைப் பூக்கச் சொல்லும் மணி. பூத்ததிலிருந்து மூன்று, நான்கு மாதங்களில் டுரியானும் ரம்புத்தானும் பழுத்துவிடும். எல்லா மரங்களும் ஒரே சமயத்தில் காய்ப்பதால் விலை இறங்குகிறது. மரத்திலேயே முற்றிய பழமும் நமக்குக் கிடைக்கிறது. பருவத்துப் பழம் நல்லது என்று பெரியவர்கள் சொல்வதற்கு முதற்காரணம் இதுதான். அது புதியது, முற்றியது, மலிவானது.

இந்தப் பருவத்துப் பழங்களோடு, ஆண்டு முழுவதும் காய்க்கும் கொய்யா, பப்பாளி, வாழை, அன்னாசி, நட்சத்திரப் பழம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இத்தனையும் நம் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கின்றன. நம் பேராக் மாநிலத்திலேயே பீடோர் கொய்யாவுக்கும், ஈப்போவை அடுத்த தம்புன் பம்ளிமாசுக்கும் பேர் போனவை.

ஆனால் நடப்பது என்ன? 2019-ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், நாட்டில் பெரியவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் வேண்டிய அளவு பழமும் காய்கறியும் உண்பதில்லை என்று தெரிய வந்தது. அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் வெளிவந்தது. பெரியவர்களுள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு இனிப்பு நீர் நோய். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அந்த நோய் மிக அதிகம்.

இதைக் கேட்கும்பொழுது இந்த வட்டாரத்தின் பழைய கதை நினைவுக்கு வருகிறது. பாரிட் புந்தார் இன்று நெல் வயலுக்கும் செம்பனைக்கும் நடுவே இருக்கிறது. 1906-ஆம் ஆண்டில் கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் முடிந்த பிறகு இங்கே வயல்கள் பெருகின. அதற்கு முன்பே, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கிரியான் மாவட்டம் கரும்புத் தோட்டங்களுக்குப் பெயர் பெற்றிருந்தது. அந்தக் கரும்பை நடவும் வெட்டவும் ஆலையில் காய்ச்சவும் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோர்களைக் கொண்டு வந்தார்கள். பின்னர் கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய் செம்பனை வந்தது. குவாலா குலா என்ற ஊர்ப் பெயரில் மட்டும் சீனியைக் குறிக்கும் மலாய்ச் சொல் இன்றும் நிற்கிறது. சீனி காய்ச்ச வந்தவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று சீனியாலேயே நோயாளிகளாகிக் கிளினிக் வாசலில் காத்திருக்கிறார்கள். இந்த நிலையை மாற்ற நம்மால் முடியும். அதற்குப் பழமும் ஒரு துணை.

பழம் நமக்கு என்னென்ன தருகிறது என்று முதலில் பார்ப்போம். தண்ணீர், நார்ச்சத்து, பொட்டாசியம் என்னும் தாது, வைட்டமின் 'சி', மாம்பழம், பப்பாளி போன்ற மஞ்சள் நிறப் பழங்களில் வைட்டமின் 'ஏ'-யாக மாறும் சத்து ஆகியவை முக்கியமானவை. வைட்டமின் 'சி' பல் ஈறுகளையும் தோலையும் உறுதிப்படுத்துகிறது. புண் ஆறுவதற்கு அது தேவை. வைட்டமின் 'ஏ' கண்ணுக்கு ஒளி. நார்ச்சத்து மலச்சிக்கலைப் போக்குவதோடு, சாப்பிட்ட சர்க்கரை மளமளவென்று இரத்தத்தில் ஏறாமல் தடுத்து நிறுத்துகிறது.

இனி ஒரு கணக்கைப் பாருங்கள். ஒருவர் நோயாகப் படுத்துவிட்டால் பார்க்கப் போகிறவர்கள் என்ன வாங்கிக்கொண்டு போகிறோம்? ஆப்பிளும் திராட்சையும். கடல் கடந்து, குளிர் அறையில் பல வாரம் கிடந்து வந்த பழம் என்றால் நமக்கு ஒரு மரியாதை. கொல்லைக் கொய்யாவை எடுத்துக்கொண்டு போனால் கௌரவக் குறைவு. ஆனால் சத்துக் கணக்கில் நிலைமை தலைகீழ். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 70 மில்லிகிராம் வைட்டமின் 'சி' வேண்டும். 100 கிராம் ஆப்பிளில் இருப்பது சுமார் 5 மில்லிகிராம். அதே அளவு அன்னாசியில் சுமார் 48, ஆரஞ்சில் 53, பப்பாளியில் 60. கொய்யாவிலோ 200 மில்லிகிராமுக்கு மேலேயே பதிவாகியிருக்கிறது. வகைக்கு வகை இந்த அளவு மாறும் என்றாலும், பாதிக் கொய்யாவே அன்றையத் தேவையைத் தீர்த்துவிடும். ஆப்பிள் கெட்ட பழம் என்று நான் சொல்லவில்லை. அதற்குச் செலவிடும் பணத்துக்கு நம் ஊர்ப் பழம் பல மடங்கு சத்தைத் தரும் என்பதைத்தான் சொல்கிறேன்.

எல்லா நாட்டுப் பழமும் எல்லாச் சத்தும் உடையது என்றும் எண்ணிவிடக் கூடாது. மங்குஸ்தானைப் பழங்களின் ராணி என்கிறார்கள். அதில் வைட்டமின் 'சி' மிகக் குறைவு. தர்பூசணியில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஆகவே ஒரே பழத்தை நாள்தோறும் தின்பதைவிடப் பருவத்துக்குப் பருவம், நிறத்துக்கு நிறம் மாற்றிச் சாப்பிடுவதே முறை.

தாய்மார்களுக்கும் வயதுப் பெண்களுக்கும் ஒரு தனிச் செய்தி. அதே 2019 ஆய்வின்படி, பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களுள் பத்துக்கு மூன்று பேருக்கு இரத்தச் சோகை. அதிகாலையில் எழுந்து, வீட்டு வேலையை முடித்து, வேலைக்கும் போய் வருகிற பெண், 'உடம்பு அசதியாக இருக்கிறது, மாடிப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது' என்று சொன்னால் அதற்கு இரும்புச்சத்துக் குறைவு காரணமாக இருக்கலாம். நாம் கீரையும் பருப்பும் சாப்பிடுகிறோம். அவற்றில் இரும்புச்சத்து உண்டு. ஆனால் அது உடம்பில் எளிதாகச் சேர்வதில்லை. சாப்பாட்டோடு வைட்டமின் 'சி' சேர்ந்தால் அந்த இரும்பை உடம்பு நன்றாக ஏற்றுக்கொள்கிறது. முருங்கைக் கீரையும் சோறும் சாப்பிட்ட கையோடு இரண்டு துண்டு கொய்யாவோ பப்பாளியோ சாப்பிடுங்கள். அதற்கு மாறாக, சாப்பிட்டவுடன் தேத்தண்ணீர் குடித்தால் அந்த இரும்பு சேருவது தடைப்படுகிறது. தேத்தண்ணீரை ஒரு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இதற்காகத் தனிச் செலவு எதுவும் இல்லை. தட்டில் எது எதனோடு சேர வேண்டும் என்று தெரிந்துகொண்டால் போதும். மருத்துவர் இரும்பு மாத்திரை கொடுத்திருந்தால் அதை நிறுத்தாமல் சாப்பிட வேண்டும். பழம் அதற்குத் துணை நிற்கும், அதற்கு ஈடாகாது.

அடுத்து, பழத்தை எப்படிச் சாப்பிட வேண்டும் என்ற கேள்வி. கடித்துச் சாப்பிடுவது நல்லதா, பிழிந்து குடிப்பது நல்லதா? இதற்கு விடை காண நம் நாட்டிலேயே நடந்த ஒரு வரலாற்றைச் சொல்கிறேன்.

சுமார் 120 ஆண்டுகளுக்கு முன்பு மலாயாவில் பெரிபெரி என்னும் கொடிய நோய் பரவியிருந்தது. கால் வீங்கும், நரம்பு தளரும், இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். சீனத் தொழிலாளர்களிடையே அந்நோய் மிகுதி. தமிழ்த் தொழிலாளர்களிடையே மிகக் குறைவு. நெகிரி செம்பிலானில் மருத்துவ அதிகாரியாக இருந்த பிராடன் என்பவர் இந்த வேறுபாட்டைக் கவனித்தார். சீனர்கள் தீட்டிய வெள்ளைப் பச்சரிசியை உண்டார்கள். தமிழர்கள் உண்டதோ புழுங்கலரிசி. அரிசியில்தான் காரணம் இருக்கிறது என்று 1907-இல் அவர் நூல் எழுதினார். அதன் பிறகு, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர், நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட்டுக்கொண்டிருந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளை அரிசி உண்டவர்களிடையேதான் பெரிபெரி தோன்றியது. அரிசியை மாற்றிக் கொடுத்தபொழுது நோயும் இடம் மாறியது. நெல்லைத் தீட்டும்பொழுது தவிட்டோடு ஒரு சத்து போய்விடுகிறது, புழுக்கும்பொழுது அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கி நின்றுவிடுகிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. வைட்டமின் 'பி1' என்று இன்று நாம் சொல்வது அதைத்தான்.

தீட்டிய அரிசிக்கு நேர்ந்தது பழத்துக்கும் நேர்கிறது. நான்கு ஆரஞ்சைப் பிழிந்து வடிகட்டினால் ஒரு குவளைச் சாறு கிடைக்கும். சக்கையை எறிந்துவிடுகிறோம். சக்கையோடு நார்ச்சத்தும் போய்விடுகிறது. எஞ்சியிருப்பது பெரும்பாலும் தண்ணீரும் சர்க்கரையும்தான். நான்கு பழங்களை உட்கார்ந்து தின்றால் இரண்டாவது பழத்திலேயே வயிறு போதும் என்று சொல்லும். குவளையில் ஊற்றிக் குடித்தால் ஒரு மூச்சில் உள்ளே போய்விடும். அதிலே இரண்டு கரண்டி சீனியும் டின் பாலும் சேர்த்துக் குடித்தால் கேட்கவே வேண்டாம்.

அமெரிக்காவில் 1,87,000-க்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வின் முடிவு 2013-இல் வெளிவந்தது. திராட்சை, ஆப்பிள் போன்ற பழங்களை முழுதாக உண்டவர்களுக்கு இனிப்பு நீர் நோய் வருவது குறைந்திருந்தது. பழச்சாறு அதிகம் குடித்தவர்களுக்கு அது சற்றுக் கூடியிருந்தது. ஆகவே தாய்மார்களே, பிள்ளைகளுக்குப் பழத்தைப் பழமாகவே கொடுங்கள். போத்தலில் வரும் சிராப்பும் பெட்டிப் பானமும் பழத்தின் படத்தை வெளியே போட்டிருக்கலாம். உள்ளே இருப்பது சீனித் தண்ணீர். இத்தகைய பானங்களின் கேட்டை உணர்ந்துதான் நம் அரசாங்கம் 2019 ஜூலை முதல் இவற்றுக்குத் தனி வரி விதித்தது.

'எனக்கு இனிப்பு நீர் இருக்கிறது, நான் பழமே தொடக்கூடாதா?' என்று பலர் கேட்கிறார்கள். சிலர் பயந்துபோய்ப் பழத்தை அறவே விட்டுவிட்டு, தேத்தண்ணீரில் மட்டும் வழக்கம்போலச் சீனி போட்டுக் குடிப்பதையும் காண்கிறோம். இது வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைப்பது போன்றது. இனிப்பு நீர் உள்ளவர்களும் பழம் சாப்பிடலாம். அளவு மட்டும் முக்கியம். ஒரு வேளைக்கு ஒரு பங்கு, நாளொன்றுக்கு இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பங்கு என்பது எவ்வளவு? கொய்யாவில் பாதி. பப்பாளியில் ஒரு கீற்று. சிறிய வாழைப்பழம் ஒன்று. ரம்புத்தான் ஐந்து. மங்குஸ்தான் இரண்டு. டுரியானில் சிறிய சுளை இரண்டு. இதை மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பங்கையும் ஒரே நேரத்தில் சாப்பிடாமல், காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று பிரித்துச் சாப்பிடுங்கள். கிளினிக்கில் உங்களுக்கென்று வேறு அளவு சொல்லியிருந்தால் அதன்படியே நடந்துகொள்ளுங்கள்.

டுரியானைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். பழக் காலம் வந்தால் வீட்டுக்கு வீடு அதன் வாசனைதான். 100 கிராம் டுரியான் சுளையில் ஏறக்குறைய 147 கலோரி இருக்கிறது. 100 கிராம் சோற்றில் இருப்பதோ 130 கலோரி. ஆக, ஒரு தட்டு டுரியான் தின்பது ஒரு தட்டுச் சோறு தின்பதைவிடக் கனமானது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு அதற்கு மேல் டுரியானுக்கு உட்கார்ந்தால் உடம்பு இரண்டு சாப்பாட்டைத் தாங்க வேண்டியிருக்கிறது. 'டுரியான் சூடு' என்று நாம் சொல்வதற்கும், தின்றபின் வியர்த்துப் புழுங்குவதற்கும் இந்தக் கனமும் ஒரு காரணம் என்று கொள்ளலாம். மங்குஸ்தான் இரண்டு தின்றால் சூடு தணிந்துவிடும் என்று எண்ணி மேலும் பத்துச் சுளை சாப்பிடுவது சரியன்று. மங்குஸ்தானால் டுரியானின் கலோரி குறைவதில்லை. டுரியான் சாப்பிடும் நாளில் சோற்றைக் குறைத்துக்கொள்வதே வழி.

ஆண்களுக்கு ஓர் எச்சரிக்கை. கள்ளோ, சம்சுவோ, பீரோ குடிக்கிற வேளையில் டுரியானைத் தொடாதீர்கள். மதுவை முறிப்பதற்கு நம் உடம்பில் இயங்கும் ஒரு நொதியை டுரியான் சாறு தடுக்கிறது என்று ஜப்பானிலுள்ள சுக்குபா பல்கலைக்கழகத்தார் 2009-இல் சோதனைக் கூடத்தில் கண்டறிந்தார்கள். முகம் சிவப்பது, நெஞ்சு படபடப்பது, வாந்தி எடுப்பது ஆகியவை அதனால் உண்டாகலாம். இரண்டையும் சேர்க்கக் கூடாது என்று பழைய ஆட்கள் சொன்னதில் பொருள் இருக்கிறது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டுரியானிலும் வாழையிலும் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அது உடம்பில் தேங்கி இதயத்தைப் பாதிக்கும். நட்சத்திரப் பழம் இதைவிட ஆபத்தானது. நல்ல உடம்பு உள்ளவர்கள் அளவோடு அதைச் சாப்பிடலாம். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு ஒரு பழமும் நஞ்சாகலாம். நிற்காத விக்கலில் தொடங்கி, மனக் குழப்பம், வலிப்பு என்று போய் உயிருக்கே முடிவு வரலாம். 'அது இரத்தக் கொதிப்புக்கு நல்ல மருந்து' என்று யாரோ சொன்னார்கள் என்று சாறு பிழிந்து குடிப்பவர்கள் உண்டு. இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் பல ஆண்டு இருந்தால் நமக்குத் தெரியாமலே சிறுநீரகம் கெட்டிருக்கக்கூடும். ஆகையால் அத்தகையோர் இந்தப் பழத்தை ஒதுக்கிவிடுவதே நலம்.

சூடு, குளிர்ச்சி என்ற பேச்சு வந்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சளி பிடித்த பிள்ளைக்கு ஆரஞ்சு, கொய்யா, தர்பூசணி எதுவும் ஆகாது, குளிர்ச்சி என்று பாட்டிமார்கள் தடுப்பார்கள். நோயுற்ற பிள்ளைக்கு நீரும் சத்தும் தேவைப்படும் நேரத்தில் பழத்தை நிறுத்திவிடுவது பிள்ளையைத்தான் வாட்டும். குளிர்பெட்டியில் வைக்காத பழத்தைச் சிறு துண்டுகளாக்கிக் கொடுக்கலாம். கருவுற்ற பெண்ணுக்குப் பப்பாளி ஆகாது என்பார்கள். காயிலும் செங்காயிலும் ஊறும் பாலைப் பொறுத்தவரை அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. அதைத் தவிர்த்துவிடுங்கள். நன்றாகப் பழுத்த பப்பாளியைச் சாதாரண அளவில் உண்பதைப் பற்றி அப்படி அஞ்ச வேண்டியதில்லை. ஐயமிருந்தால் தாய்சேய் நல கிளினிக்கில் தாதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெயிலில் குலை வெட்டுகிறவர்களும், உதிரிப் பழம் பொறுக்குகிறவர்களும், பால் வெட்டுகிறவர்களும் வியர்வையாக நிறைய நீரை இழக்கிறார்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும். தர்பூசணியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் இருக்கிறது. ஓய்வு நேரத்தில் இரண்டு கீற்றுத் தர்பூசணியோ ஒரு வாழைப்பழமோ சாப்பிட்டால் களைப்பு தெளியும். ஆனால் பழம் தண்ணீருக்கு ஈடாகாது. தண்ணீர்ப் போத்தலை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

பழத்தைச் சுத்தமாக உண்பதும் மிக முக்கியம். இங்கே ஒரு துயர வரலாற்றை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1998-ஆம் ஆண்டில் நம் பேராக் மாநிலத்தில், ஈப்போவை அடுத்த பன்றிப் பண்ணைகளில் புதிய காய்ச்சல் ஒன்று தோன்றியது. பின்னர் அது நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. நிப்பா என்று பெயரிடப்பட்ட அந்தக் கிருமியால் நம் நாட்டில் 265 பேர் பாதிக்கப்பட்டு, 105 பேர் உயிரிழந்தனர். அந்தக் கிருமி பழந்தின்னி வௌவால்களிடம் இருப்பது. பன்றிக் கொட்டகையை ஒட்டியிருந்த பழ மரங்களில் வௌவால்கள் கடித்துப் போட்ட பழங்கள் பன்றிகளின் வாய்க்குப் போய், பன்றிகளிடமிருந்து மனிதர்களுக்கு நோய் வந்திருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் விளக்கினார்கள். வங்காள தேசத்தில் வௌவால் வாய் வைத்த பச்சைப் பேரீச்சஞ் சாற்றைக் குடித்தவர்களுக்கு நேராகவே அந்நோய் கண்டது. ஆகவே, 'அணில் கடித்த பழம் இனிக்கும்' என்று பிள்ளைகள் பொறுக்கித் தின்பதைத் தடுத்துவிடுங்கள். பல் பட்ட பழம், பறவை கொத்திய பழம், வெடித்துப் புழு வைத்த பழம் எதுவானாலும் வேண்டாம். நல்ல பழத்தையும் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். தோலோடு கடிக்கும் கொய்யாவுக்கு மட்டும் என்றில்லை, தோலை உரிக்கும் ரம்புத்தானுக்கும் இது பொருந்தும். வாயால் கடித்துத் தோலை உரிப்பவர்கள் அல்லவா நாம்?

தோட்டத்தில் வாழ்கிறவர்களுக்கு இன்னொரு அபாயமும் உண்டு. புல்லுக்கு மருந்து அடித்த நிரைகளில் தானாக முளைத்த பப்பாளியையும் வாழையையும் பறித்து உண்ண வேண்டாம். மருந்து இருந்த டின்னையோ வாளியையோ எத்தனை முறை கழுவினாலும் பழம் வைக்கவும் தண்ணீர் பிடிக்கவும் பயன்படுத்தக் கூடாது. பாராகுவாட் என்னும் களைக்கொல்லி நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் மற்ற மருந்துகள் இருக்கத்தான் செய்கின்றன.

பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு மசித்த வாழைப்பழம், பப்பாளி கொடுக்கத் தொடங்கலாம். ஒரு வயது ஆகும்வரை பழச்சாறு வேண்டாம். ரம்புத்தானையும் டுக்குவையும் சிறு பிள்ளைகளிடம் அப்படியே கொடுத்துவிடக் கூடாது. கொட்டை தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கொட்டையை நீக்கி, துண்டாக்கி, பக்கத்தில் இருந்து ஊட்ட வேண்டும். பள்ளிப் பிள்ளைக்கு ஓய்வு நேரத்துக்கென்று இனிப்பு மிட்டாய்க்குக் காசு கொடுப்பதற்குப் பதில், ஒரு டப்பாவில் கொய்யாத் துண்டுகளைப் போட்டுக் கொடுத்துப் பாருங்கள். ஆசாம்போய்ப் பொடி தூவினால்தான் பிள்ளை தின்னும் என்றால் சிறிதளவே தூவுங்கள். அதில் உப்பும் சீனியும் இருக்கின்றன. ஊறவைத்த பழங்களும் அப்படித்தான். அவற்றை ஊறுகாய்க் கணக்கில் வைக்க வேண்டுமே தவிரப் பழக் கணக்கில் வைக்கக் கூடாது.

வாங்குவதற்கும் ஒரு வழி உண்டு. பாசார் மாலாமில் கடை கட்டும் நேரத்தில் பழுத்த பழம் மலிவாகக் கிடைக்கும். அன்றே தின்பதற்கு அது நல்லது. நறுக்கி, ஈ மொய்க்க வைத்திருக்கும் பழத்தைவிட முழுப் பழத்தை வாங்கி வீட்டில் நறுக்குங்கள். இரண்டு, மூன்று குடும்பங்கள் சேர்ந்து மொத்தமாக வாங்கிப் பங்கிட்டுக்கொண்டால் விலையும் குறையும், பழமும் வீணாகாது.

அதைவிட நல்ல வழி, வீட்டில் ஒரு மரம் வைப்பது. பப்பாளி விதை போட்டால் ஓராண்டுக்குள் பழம் பறிக்கலாம். நம் கிரியான் வட்டாரம் தாழ்ந்த நிலம். பாரிட் என்றாலே மலாய் மொழியில் வாய்க்கால் என்று பொருள் அல்லவா? பப்பாளி வேருக்குத் தேங்கிய தண்ணீர் ஆகாது. ஓரிரு நாள் தண்ணீர் நின்றாலே வேர் அழுகிவிடும். ஆகவே மண்ணை முழங்கால் உயரம் மேடாக்கி அதன் மேல் நடுங்கள். தாமான் வீட்டில் மண் இல்லாதவர்கள் பெரிய தொட்டியில் பதியன் கொய்யா ஒன்றை வைத்து, கிளையை வெட்டிக் குட்டையாக வளர்க்கலாம். லயத்து வாழ்க்கையில் வீட்டுக்குப் பின்னால் முருங்கை, பப்பாளி, வாழை என்று வைத்திருந்த கை நம் கை. இடம் மாறியதால் அந்தப் பழக்கம் மறைந்துபோக வேண்டியதில்லை.

நேயர்களே, இதுவரை சொன்னதை மூன்று சொற்களில் அடக்கிவிடலாம். பருவம், முழுமை, அளவு. பருவத்தில் மலிவாக வரும் நம் ஊர்ப் பழத்தைத் தேடுங்கள். பிழிந்து வடிகட்டாமல் முழுதாகக் கடித்துச் சாப்பிடுங்கள். அமிர்தமானாலும் அளவோடு நிறுத்துங்கள். சோற்றுத் தட்டைப் பார்க்கும்பொழுது, தட்டில் பாதி பழமும் காய்கறியும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ முட்டையோ பருப்போ என்று நம் சுகாதார அமைச்சு சொல்லும் கணக்கை நினைவில் வையுங்கள்.

நாளைக்கு நோயாளி ஒருவரைப் பார்க்கப் போகிறீர்களா? நன்றாகப் பழுத்த பப்பாளி ஒன்றைக் கழுவித் துடைத்துக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அவர் நலமடைவதற்கு அது உதவும். நமக்கும் அதில் குறைவு ஒன்றும் இல்லை.